வீட்டிலேயே பாடம்: தொடங்கும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திட்டு வீட்டிலேயே படிக்க வைக்கலாமா ஹஜ்ரத்?"

சுரண்டை, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களின் காரணங்கள் பலவகை. சிலர் பிள்ளையை ஹிஃப்ளு ஓத வைக்க விரும்புகிறார்கள். சிலர் வளைகுடாவுக்கும் ஊருக்குமாக மாறி மாறி வாழ்கிறார்கள். சிலருடைய பிள்ளை வகுப்பில் பின்தங்கி, பள்ளிக்கூடம் என்றாலே அழுகிறது. சிலருக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் தாங்கவில்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளையைப் பஸ் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பத் தயங்குபவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் எல்லோரிடமும் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் பிள்ளை 13 வயதிலும் 15 வயதிலும் எந்தப் பரீட்சை எழுதப் போகிறது? இதற்கு விடை கையில் இருந்தால், பாடத்திட்டம், நேர அட்டவணை எல்லாவற்றையும் அதை வைத்து ஒழுங்குபடுத்தலாம். விடை இல்லையென்றால் அந்த வீட்டில் நடக்கப்போவது வீட்டுக்கல்வி ஆகாது. பிள்ளையின் படிப்பு நின்றுபோகும், அவ்வளவுதான்.

நிய்யத்தைச் சரிபார்ப்போம்

பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்பதை நாம் அறிவோம். குர்ஆனில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசங்களைப் பாருங்கள். முதலில் ஈமான், அடுத்து தொழுகை, பிறகு பொறுமை, அதன்பின் மக்களிடம் பேசும் முறை, நடக்கும் முறை என ஒரு வரிசை அதில் இருக்கிறது. வீட்டுப் பாடம் என்பது நம் மார்க்கத்துக்குப் புதிய விஷயம் இல்லை.

அதேபோல் உலகக் கல்வியை ஒதுக்குவதும் நம் வழி இல்லை. பத்ரு போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்ததையே ஈட்டுத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கற்றுக்கொடுத்தவர்கள் அன்று முஸ்லிம்களாகக்கூட இல்லை. ஆகவே "உலகப் படிப்பு வேண்டாம், ஓதினால் போதும்" என்ற எண்ணத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுப்பவர்கள் முதலில் அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி அடிப்படை உரிமை. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டுக்கல்வி என்ற ஒன்றைப் பற்றிச் சட்டத்தில் தனி ஏற்பாடு கிடையாது. வீட்டில் படிப்பிக்கும் பெற்றோருக்குத் தண்டனை என்றும் அதில் இல்லை. இந்த நிலையைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: திரும்பிச் செல்லும் பாதை திறந்தே இருக்கிறது. பள்ளியில் சேராத, அல்லது பாதியில் விட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெறவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்று சொல்லியும் சேர்க்க மறுக்கக் கூடாது. எனவே வீட்டு முயற்சி சரிவரவில்லை என்றால், வெட்கப்படாமல் பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்த்துவிடலாம்.

இரண்டு: நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து, கட்டணம் வாங்கி, பள்ளிக்கூடம் என்று பெயர்ப்பலகை மாட்டினால் விஷயம் வேறாகிவிடும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவது அதே சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி அபராதத்துக்குரியது.

என்ன இழக்கிறோம்?

பள்ளியை விட்டு எடுத்தால் கட்டணம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் படிப்போடு சேர்ந்து வரும் உரிமைகள் பல. அவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் அதே வகுப்புகளைப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்பிள்ளைக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்குப் பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் முடித்த சான்று வேண்டும். 6ஆம் வகுப்பில் பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் இவை எல்லாம் கைநழுவும்.

முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு சாதிச் சான்றிதழின் அடிப்படையில் வருவதால் அதற்குப் பாதிப்பு இல்லை. மற்றவற்றை இழந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு உங்கள் காரணம் வலுவானதா என்று வீட்டில் மஷ்வரா செய்யுங்கள். பிள்ளைக்கு 10 வயது ஆகியிருந்தால் அதையும் மஷ்வராவில் உட்கார வையுங்கள்.

பாடத்திட்டத்தைப் பரீட்சையிலிருந்து தேர்ந்தெடுங்கள்

புத்தகக் கட்டுகளையும் வண்ண அட்டைகளையும் பார்த்துப் பாடத்திட்டம் வாங்குவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. எந்தப் பரீட்சை என்று முடிவு செய்துவிட்டால் எந்தப் புத்தகம் என்பது தானாக முடிவாகிவிடும். நம் பகுதிக் குடும்பங்களுக்கு நடைமுறையில் உள்ள வழிகள் இவை.

1. தமிழ்நாடு பாடநூல்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் அரசு இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். வேண்டிய பாடத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளலாம். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் இதே புத்தகங்களை ஒட்டியவை. பரீட்சைக்கான வழியும் தெளிவாக இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை 8ஆம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக நேரடியாக எழுதலாம். அதில் தேறி, பதினான்கரை வயது நிறைந்தால் 10ஆம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஆண்டுதோறும் இதற்கான அறிவிப்பை வெளியிடுகிறது. ஊரில் நிரந்தரமாக இருக்கும் குடும்பத்துக்கு இதுவே எளிது என்பது என் கருத்து.

2. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என்.ஐ.ஓ.எஸ். என்று அழைக்கப்படும் இது மத்திய அரசு 1989இல் தொடங்கியது. 14 வயது நிறைந்தவர் 10ஆம் வகுப்புக்குப் பதியலாம். 5 பாடங்களில் தேற வேண்டும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். அதற்குள் 9 வாய்ப்புகள் உண்டு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. தேர்வு மதிப்பெண்ணில் 20 சதவீதம் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்குப் போகிறது. அரபியும் தமிழும் மொழிப்பாடங்களாக இருக்கின்றன. வளைகுடாவிலும் மையங்கள் இருப்பதால் இடம் மாறும் குடும்பங்களுக்கு ஏற்றது. இந்த வழியில் போகிறவர்கள் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இப்போது தமிழ்த் தகுதித்தாள் இருக்கிறது. பிறகு எந்தப் பள்ளியில் 11ஆம் வகுப்பு சேர நினைக்கிறீர்களோ, அந்தப் பள்ளியில் இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள். நல்ல புத்தகங்கள்தாம், இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆனால் வீட்டில் படித்த நம்மூர்ப் பிள்ளை சி.பி.எஸ்.இ. 10ஆம் வகுப்பை நேரடியாகத் தனித்தேர்வராக எழுத முடியாது. இவற்றைப் படித்தாலும் கடைசியில் மேலே சொன்ன இரண்டு வழிகளில் ஒன்றுக்குத்தான் வர வேண்டும்.

4. வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள். செலவு அதிகம். பரீட்சை மையம் பெரிய நகரங்களில்தான். வெளிநாட்டிலேயே படிப்பைத் தொடரப்போகும் குடும்பம் தவிர மற்றவர்களுக்குத் தேவையில்லை. "இஸ்லாமிய வீட்டுக்கல்வித் தொகுப்பு" என்ற பெயரில் விற்கப்படும் புத்தகங்களைத் துணைநூலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கும் முன், "இதைப் படித்தால் எந்தப் பரீட்சை எழுதலாம்?" என்று விற்பவரிடம் கேளுங்கள்.

மார்க்கப் பாடத்தையும் மற்றப் பாடத்தையும் எந்த அளவில் கலப்பது என்ற கேள்வி புதியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் முகத்திமா நூலில் இதைப் பேசியிருக்கிறார். மக்ரிப் நாட்டார் பிள்ளைகளுக்குக் குர்ஆனை மட்டும் கற்பித்ததையும், அந்தலுஸில் அதோடு எழுத்து, மொழி, கவிதை ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பித்ததையும் ஒப்பிடுகிறார். இரண்டாவது முறையில் வளர்ந்தவர்களுக்கு மொழித்திறன் கூடுதலாக இருந்தது என்கிறார். பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பிள்ளையிடம் கடுமை காட்டினால் அதன் குணமே கெடும் என்றும் எச்சரிக்கிறார். வீட்டில் பாடம் நடத்தப்போகும் ஒவ்வொரு பெற்றோரும் மனதில் வைக்க வேண்டிய செய்தி இது.

ஹிஃப்ளு ஓதும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 9 வயதில் தொடங்கினால் முடிக்கும்போது 12 வயதாகலாம். அந்த மூன்று ஆண்டும் தமிழும் கணக்கும் தொடாமல் விட்டால், 8ஆம் வகுப்புத் தேர்வு எழுதும் வயதில் பிள்ளையின் நிலை 4ஆம் வகுப்பிலேயே நிற்கும். ஹிஃப்ளுக்கு இடையூறு இல்லாமல் தினமும் ஒன்றரை மணி நேரம் தமிழ், ஆங்கிலம், கணக்கு நடந்தால் ஹாஃபிளாகவும் ஆகலாம், பரீட்சையிலும் தேறலாம்.

எத்தனை மணி நேரம் போதும்?

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த நாட்களில் எல்லா வீடும் பள்ளிக்கூடமாக இருந்தது. காலை முதல் மாலை வரை பள்ளி நேரத்தையே போன் வழியாக வீட்டில் ஓட்டப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். பிள்ளை போனைப் பார்த்தது, பாடத்தைப் பார்க்கவில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கு அருகில், ஒரு தன்னார்வலர் என்று அமைந்தது. குறைந்த நேரமாக இருந்தாலும் நேருக்கு நேர் தினமும் நடத்துவதே பயன் தரும் என்பதுதான் அதில் நமக்குப் பாடம்.

கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாட்களும் 800 மணி நேரமும், 6 முதல் 8 வகுப்புகளுக்கு 220 நாட்களும் 1,000 மணி நேரமும் கற்பித்தலுக்கு வகுத்திருக்கிறது. அதாவது ஒரு நாளுக்கு நான்கு, நான்கரை மணி நேரம். அதுவும் முப்பது, முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒருவர் இருப்பதால் அதைவிடக் குறைந்த நேரமே பெரும்பாலும் போதும். 6 முதல் 8 வயதுக்கு ஒன்றரை மணி நேரம், 9 முதல் 11 வயதுக்கு இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஆண்டுக்கு 250 நாட்களுக்குக் குறையாமல் செய்ய வேண்டும். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற நபிமொழியின் கருத்து இங்கும் பொருந்தும்.

வக்தை வைத்து நாளை அமைப்போம்

முஸ்லிம் வீட்டில் நேர அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து வேளைத் தொழுகைதான் அது. நம் பகுதியில் கோடைக்கும் குளிருக்கும் பகல் பொழுதின் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். எனவே வக்துகளுக்கு நடுவே பாடங்களை வைத்தால் ஆண்டு முழுவதும் ஒழுங்கு கலையாது. 9, 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதிரி:

சுபுஹுக்குப் பின்: மதரஸாவில் அல்லது வீட்டில் ஓதல், 40 நிமிடம். பிறகு குளியல், பசியாறல், ஒரு சின்ன வீட்டு வேலை.

8.30 முதல் 9.10: தமிழ். சத்தமாக வாசிப்பது, சொல்வதை எழுதுவது.

9.10 முதல் 9.50: கணக்கு. பிறகு 20 நிமிடம் இடைவேளை.

10.10 முதல் 10.40: ஆங்கிலம்.

10.40 முதல் 11.10: ஒருநாள் அறிவியல், மறுநாள் சமூக அறிவியல்.

லுஹருக்குப் பின்: ஓய்வு, தையல், வரைதல், தோட்டம் போன்ற கைவேலை.

அஸர் முதல் மக்ரிப் வரை: தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு. இதை யாரும் குறைக்காதீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சேர்க்கை கிடைக்கும் நேரம் இதுதான்.

மக்ரிப் முதல் இஷா வரை: அன்று படித்ததை அத்தாவிடமோ நன்னியிடமோ பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அத்தா, வீடியோ காலில் "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல் "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லிக் கொடு" என்று பத்து நிமிடம் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. ரமலானில் பாதி நேரம். பாட நேரத்தில் உம்மாவின் போனும் வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் மாதம் எல்லாப் பாடத்தையும் தொடங்க வேண்டாம். வாசிப்பு, கணக்கு இரண்டு மட்டும். பிள்ளை 4ஆம் வகுப்பு என்றாலும் 2ஆம் வகுப்புப் புத்தகத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். இரண்டாவது மாதம் ஆங்கிலம், மூன்றாவது மாதம் மற்றவை என்று சேர்த்தால் பிள்ளைக்கும் உங்களுக்கும் களைப்பு வராது.

நம் ஊரே ஒரு புத்தகம்

அறிவியலையும் சமூக அறிவியலையும் வாரம் ஒருமுறை வெளியே கொண்டுபோகலாம். சுரண்டை காய்கறி மார்க்கெட்டில் ஒரு கிலோ தக்காளிக்கு விவசாயிக்குக் கிடைப்பது எவ்வளவு, கடையில் நாம் கொடுப்பது எவ்வளவு என்று எழுதி வந்தால் லாபம், சதவீதம் இரண்டும் புரிந்துவிடும். ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும்போது மகரந்தச் சேர்க்கையை நேரில் பார்க்கலாம். நம் பக்கம் காற்றாலைகள் ஏன் இவ்வளவு நிற்கின்றன? செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால்தான். அதே காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலையும் கொண்டுவருகிறது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு எங்கே போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் போனால், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து புன்னைக்காயலில் கடலை அடைவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, பெண்பிள்ளைகள் பற்றியது. நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளிக்குப் போனார். வீட்டிலேயே படித்து, 1938இல் "காதலா? கடமையா?" என்ற நாவலை வெளியிட்டார். வீட்டில் இருந்தே ஒரு பெண் இவ்வளவு உயரலாம் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அன்று அப்படி எத்தனையோ பெண்பிள்ளைகள் மூன்றாம் வகுப்போடு வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஆகவே "வீட்டிலேயே படிக்கட்டும்" என்று சொல்லிப் பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து, பாடமும் நடத்தாமல், சமையலையும் தம்பி தங்கையையும் அவள் தலையில் வைத்து, இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை தேடுவதற்குப் பெயர் வீட்டுக்கல்வி இல்லை. அது அமானத்தில் செய்யும் மோசடி. மகனுக்கு என்ன பரீட்சை என்று திட்டமிடுகிறோமோ அதே பரீட்சையை மகளுக்கும் தேதி போட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, வேலை. வீட்டில் இருக்கும் பிள்ளை கடையில் கூடமாட உட்காருவதும், பீடித் தட்டின் பக்கம் போவதும் மெதுவாக ஆரம்பிக்கும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. பாட நேரத்தில் எந்த வேலையும் கூடாது என்பதை வீட்டின் சட்டமாகவே வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து

தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு, நடத்திய பாடத்தை ஒரு வரி எழுதி வையுங்கள். பிள்ளை எழுதிய தாள்களை ஒரு ஃபைலில் சேருங்கள். பிறகு பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் இவை உதவும். மாதம் ஒருமுறை, பாடம் நடத்தாத வேறொருவர், உறவிலோ தெருவிலோ உள்ள ஓர் ஆசிரியர், பிள்ளைக்குப் பரீட்சை வைக்கட்டும். பெற்ற மனம் தானே மதிப்பெண் போட்டால் கூடுதலாகத்தான் போடும்.

மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்து எண்ணுங்கள். அறுபது நாட்களுக்குக் குறைவாகப் பாடம் நடந்திருந்தால், குறை யாரிடம் என்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். சுபுஹுக்குப் பின் ஓதலையும், மக்ரிபுக்குப் பின் வாசிப்பையும் மட்டும் வீட்டில் தொடருங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதுமான, சிறந்த வீட்டுக்கல்வி. அறுபதைத் தாண்டி, பிள்ளையும் முன்பைவிடச் சரளமாக வாசிக்கிறது என்றால், இன்ஷா அல்லாஹ், நீங்கள் தொடரலாம்.

நம் பிள்ளைகளை இம்மைக்கும் மறுமைக்கும் பயனுள்ள கல்வி உடையவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.